பாட்டை உங்கள் கட்டைக்குக் கொண்டுவாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் பாடப்போகிறேன். நான் எடுத்துக்கொண்டது, ஒரு பாடகர் தனியாகப் பாடி இப்போது எங்கும் ஒலிக்கிற தனிப்பாடல். கரோக்கியோடு பாடினால் சரணம் அடித்தொண்டையில் அமுங்கிவிடுகிறது. பல்லவியில் குரல் உடைகிறது. வேறு பாட்டு எடு என்கிறார் அண்ணன். என்ன செய்வது? – கல்லூரி மாணவி, குளச்சல்.

பதில்: பாட்டு இருக்கட்டும், சுருதியை மாற்றுங்கள்.

நீங்கள் அனுப்பிய செல்போன் பதிவை நான்கு முறை கேட்டேன். பின்னால் மீன் வண்டியின் ஹாரன் கேட்கிறது. அதைக்கூடத் தாண்டிவிடலாம், ஆனால் சரணத்தில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் காணாமல் போகிறது. பல்லவியில் நீளவேண்டிய ‘ஆ’, பாதியிலேயே வெறும் காற்றாகிறது. இதில் உங்கள் குரலின் குறை எதுவும் இல்லை.

கீபோர்டில் வைத்துப் பார்த்தேன். பாடகர் பாடியிருப்பது ஒரு கட்டையில், அதாவது கீபோர்டின் C-யை ‘ஸ’வாக வைத்து. சரணம் ஷட்ஜத்தில், அந்த ‘ஸ’வில், தொடங்குகிறது. பல்லவி மேல்ஸ்தாயி பஞ்சமம், அதாவது அடுத்த ‘ஸ’வுக்கும் மேலே உள்ள ‘ப’, வரை ஏறுகிறது. ஆண் குரல் முழு வீச்சோடு எட்டிப் பிடிக்கிற சுரம் அது. பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் சரணத்தை அவர் பாடும் இடத்திலேயே பாடுகிறீர்கள். பல்லவி வந்ததும் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடுகிறீர்கள். முன்னது உங்களுக்குப் பாதாளம், பின்னது உச்சாணிக் கொம்பு. இரண்டுக்கும் நடுவில், உங்கள் குரல் மிக அழகாக ஒலிக்கிற பகுதி பயன்படாமலே கிடக்கிறது.

நான்கு கட்டையில் பாடுங்கள். அதாவது கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஐந்து படி ஏற்ற வேண்டும், வெள்ளையோ கறுப்போ அடுத்த கட்டை ஒவ்வொன்றும் ஒரு படி: ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, நான்கு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. மூன்றரை என்று எண்ணி ஒரு படி கூட்டிவிடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். இந்தச் சுருதியில் சரணத்தின் முதல் சுரம் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். பல்லவியின் உச்சிக்கு மேலும் ஒரு சுரம் மிச்சம் இருக்கும்.

சுசீந்திரம் கோயில் இசைத்தூண்களின் சுருதி கல்லிலேயே அமைந்தது. யாராலும் மாற்ற முடியாது. பாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சுருதியை மாற்றினால் பாட்டுக்கு மரியாதைக் குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கரோக்கியைச் செயலி மூலம் ஐந்து படி ஏற்றினால் தாளக்கருவிகளின் ஒலி மெலிந்து தகரம்போல் ஆகிவிடும். இரண்டு, மூன்று படி வரை பரவாயில்லை. அதற்கு மேல் நான் செய்ய மாட்டேன். ஊரில் கீபோர்டு வாசிப்பவர் ஒருவரை அழைத்து, புதிய சுருதியில் வாசிக்கச் சொல்லுங்கள். அதுவே நல்லது.

பல்லவியைப் பற்றி இன்னொன்று. இத்தகைய தனிப்பாடல்களில், பாடகர் ஒருவரே என்றாலும், பல்லவியைப் பலமுறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது ஸ்டுடியோ வழக்கம். அந்த அடர்த்தியை ஒற்றைத் தொண்டையால் கொண்டுவர முயன்றுதான் நீங்கள் கத்துகிறீர்கள். பாடத் தெரிந்த தோழிகள் இருவரைப் பல்லவிக்கு மட்டும் பின்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கழுத்து நரம்பு தளரும்.

சரணத்தில் மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வையுங்கள். பல்லவியில் ஒரு சாண் விலக்குங்கள். அதன் வலைத் தலையைப் பொத்திப் பிடிக்காதீர்கள், ஊளையிடும். கடற்கரை மேடை என்றால் காற்று மைக்கில் புஸ்ஸென்று இரையும், ஸ்பாஞ்ச் உறை கேட்டு வாங்குங்கள். உங்களை நோக்கி ஒரு ஸ்பீக்கர் வைக்கச் சொல்வதும் அவசியம். தன் குரல் தனக்குக் கேட்காதவர் கத்தத்தான் செய்வார்.

மைக் செட் கட்டி முடித்ததும், கூட்டம் சேர்வதற்கு முன்பே, பல்லவியின் அந்த உச்ச வரியை ஒருமுறை பாடிப் பாருங்கள். அப்போதும் ‘ஆ’ காற்றாகப் போனால் ஒரு படி இறக்கி, மூன்று கட்டையில் வாசிக்கச் சொல்லுங்கள்.