“அப்ரூவல் வந்த மாதிரிதான்” என்கிறார் பில்டர்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: சென்னையில் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில், நான்கு கிரவுண்டு மனையில் கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள ஸ்டில்ட் வைத்து ஐந்து மாடி, மொத்தம் 20 வீடுகள் கட்டப் போகிறார்கள். “சி.எம்.டி.ஏ. அப்ரூவல் வந்த மாதிரிதான், இப்போதே புக் செய்தால் சதுர அடி விலையில் குறைத்துத் தருகிறோம், இரண்டு லட்சம் போதும்” என்கிறார் பில்டர். ஆள் பார்க்க நல்லவராகத்தான் தெரிகிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் இந்தக் கட்டத்தில் உங்களிடம் பணம் வாங்க அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, மனை 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டுக்கு மேல் போனால், அந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது, புக்கிங் எடுக்கக் கூடாது. நான்கு கிரவுண்டு என்பது 9,600 சதுர அடி, கிட்டத்தட்ட 890 சதுர மீட்டர். வீடுகளோ 20. இரண்டு கணக்கிலும் மாட்டுகிறார். ரெரா பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதிக் கடிதத்தையும் வரைபடத்தையும் காட்ட வேண்டும். ஆகவே அனுமதி வரவில்லை என்றால் ரெரா எண்ணும் இருக்காது. அந்த எண்ணை மட்டும் கேளுங்கள், அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

“வந்த மாதிரிதான்” என்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. எத்தனை மாடிக்கு வரப் போகிறது? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி 18.30 மீட்டர் உயரம் வரை உள்ள கட்டடம் உயரடுக்குக் கணக்கில் வராது. அதைத் தாண்டினால் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் என்று பல இடங்களில் தடையில்லாச் சான்று வாங்க அலைய வேண்டும். நகரில் திரும்பிய பக்கமெல்லாம் ஸ்டில்ட்டும் ஐந்து மாடியுமாகவே எழும்புவதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் உயரம் பொருந்தினால் மட்டும் போதாது. மொத்தம் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்றொரு கணக்கு இருக்கிறது. இந்த வகைக் கட்டடத்துக்கு அது 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு. உங்கள் மனைக்கு 19,200 சதுர அடி. அரசுக்குக் கட்டணம் கட்டினால் ‘பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.’ என்று கூடுதலாகக் கிடைக்கும். எவ்வளவு என்பதைச் சாலையின் அகலம் முடிவு செய்யும்: 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் இருந்தால் 30 சதவீதம், 12-லிருந்து 18-க்குள் 40, அதற்கு மேல் 50.

இப்போது நீங்களே ஒரு நடை போய்த் தெருவின் அகலத்தை அளந்து பாருங்கள். 10 மீட்டர்தான் என்றால் உச்சபட்சம் 24,960 சதுர அடி. பில்டரின் பிரசுரத்தில் உள்ள 20 வீடுகளின் அளவையும் கூட்டுங்கள். படிக்கட்டு, லிஃப்ட் பங்கையெல்லாம் சேர்த்துச் சொல்வதால் கொஞ்சம் அதிகமாகத்தான் வரும், அது சரி. 35,000 வந்தால்? எந்த மாடி அனுமதியில் இல்லாத மாடி என்று கேட்க வேண்டியதுதான். நான்கு மாடிக்குத்தான் பிளான் வாங்கியிருப்பார்கள். அப்புறம் திருத்தப் பிளான் போட்டு ஐந்தாவதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு, அது கிடைக்காமலும் போகலாம். ஐந்தாவது மாடியில் வீடு வாங்கியவர் பாடு அப்புறம் சொல்லி மாளாது. கீழே வாங்கியவரும் தப்ப மாட்டார். வீடுகள் கூடக் கூட மனையில் அவருக்குள்ள பிரிபடாத பங்கு, யூ.டி.எஸ்., சுருங்கிக்கொண்டே போகும். ரெரா சட்டத்தின் 14-வது பிரிவு, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்காமல் கட்டடத்தின் பிளானை மாற்றக் கூடாது என்கிறது. பிளானைப் பார்க்காமலே புக் செய்தவருக்கு எது மாறியது என்று எப்படித் தெரியும்?

சரி, அனுமதியும் ரெரா எண்ணும் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ரெரா தளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து, முத்திரையிட்ட வரைபடத்தில் உங்கள் மாடி, உங்கள் வீடு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். சி.எம்.டி.ஏ. திட்ட அனுமதியோடு மாநகராட்சியின் கட்டட அனுமதியும் இருக்க வேண்டும். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவும் சட்டம்தான், பில்டர் காட்டும் பெருந்தன்மை இல்லை.

அனுமதி எதற்குப் பொறுப்பேற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடம் சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்றதுதான். மண் தாங்குமா, தூண் தாங்குமா என்பது கட்டுபவர், கட்டமைப்புப் பொறியாளர் ஆகியோரின் பொறுப்பு. மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: கட்டி முடித்து இரண்டு வருடமான கட்டடத்தில் ஒரு ஃபிளாட் பிடித்திருக்கிறது. ஆறு மாடி, 24 வீடுகள். அனுமதிப்படிதான் கட்டி முடித்தார்கள் என்று காட்டும் நிறைவுச் சான்று இல்லையாம். “யாரும் கேட்கிறதில்லை சார், பேங்க்கே லோன் தருது” என்கிறார் புரோக்கர்.

பதில்: முன்பு அப்படித்தான் நடந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும், மின்சாரம், குடிநீர் இணைப்புகளும் அதன் பிறகுதான் என்று சொல்லிவிட்டது. காலம் கடந்துவிட்டது என்பதற்காக விதிமீறலை முறைப்படுத்த முடியாது என்றும் சொன்னது. நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு பெறுபவை சின்ன வீடுகள்தான். 24 வீடுகள் அதில் சேராது.

சான்று ஏன் கிடைக்கவில்லை என்று நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். கார் நிறுத்த விட்ட ஸ்டில்ட்டில் சுவர் எழுப்பிக் கடையோ வாட்ச்மேன் வீடோ வந்திருக்கும், பக்கவாட்டுக் காலியிடத்தில் பால்கனி நீண்டிருக்கும், மொட்டை மாடியில் ஒரு ‘பென்ட்ஹவுஸ்’ முளைத்திருக்கும். இடித்துச் சரிசெய்யக்கூடிய மீறல் என்றால் பில்டர் செலவில் சரிசெய்து சான்று வாங்கிய பிறகு வாங்கலாம். ஒரு மாடியே கூடுதல் என்றால் விட்டுவிடுங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் ‘113-சி’ பிரிவில் முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பிரிவு 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு, உங்களுடையதற்கு இல்லை. ஈ.பி. கனெக்‌ஷன் தற்காலிகமா நிரந்தரமா என்று பில்லில் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தனி வீட்டுக்குப் பக்கத்து மனையில் ஐந்து மாடி வருகிறது. வெளிச்சம் போய்விடும். எங்களைக் கேட்காமலே அனுமதி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். மாஸ்டர் பிளானில் அது குடியிருப்புப் பகுதியாக இருந்து, கட்டடமும் விதிக்குள் இருந்தால் அக்கம்பக்கத்தாரின் சம்மதம் தேவையில்லை. நில வகைப்பாட்டையே மாற்றக் கேட்டால்தான் நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். வெளிச்சம், காற்று என்று மட்டும் எழுதும் மனு நகராது. ஆர்.டி.ஐ.-யில் வரைபட நகலை வாங்கி, உங்கள் சுவரிலிருந்து அவர்கள் எத்தனை மீட்டர் விட வேண்டும் என்று பார்த்து, அஸ்திவாரம் போடும்போதே அளந்து, குறைந்தால் அளவோடும் படத்தோடும் புகார் கொடுங்கள். கடைசித் தளம் கான்கிரீட் போட்ட பிறகு வரும் புகாரை விட அதற்கு மதிப்பு அதிகம். வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. பள்ளம் தோண்டும் முன் உங்கள் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பிறகு விரிசல் விட்டால் ‘அது பழைய விரிசல்’ என்பார்கள்.

கேள்வி: 12 வீடுகள் கொண்ட எங்கள் பழைய அடுக்ககத்தை இடித்து ஐந்து மாடியாகக் கட்டப் பேச்சு நடக்கிறது. மூன்று பேர் மறுக்கிறார்கள். மற்றவர்கள் காலி செய்யத் தயார்.

பதில்: தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். உங்களிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த மூவரோடு பேசுங்கள். பெரும்பாலும் வயதானவர்கள், வாடகை வீடு தேடி அலையும் பயம்தான் காரணமாக இருக்கும். அவர்களுக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு பார்த்துக் கொடுப்பது பில்டருக்குக் கேஸ் நடத்துவதை விட மலிவு.

சாவியை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். திட்ட அனுமதி கைக்கு வந்த பிறகே காலி செய்வோம், அன்றிலிருந்து புது வீட்டில் குடியேறும் நாள் வரை வாடகை பில்டர் தர வேண்டும், தாமதமானால் வாடகை உயரும், இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். அனுமதிக்கு முன்பே காலி செய்தால் மாதக்கணக்கில் கோப்பு நகராமல் கிடந்தாலும் அவசரம் உங்களுக்குத்தான் இருக்கும், அவருக்கு இருக்காது.