படிக்கட்டில் கிடக்கும் பெட்டி

கேள்வி: இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பழைய அமெரிக்க சிட்காம்கள் (அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்கள்) பார்ப்பது எங்கள் வீட்டில் பல வருஷப் பழக்கம். இப்போது அதிலும் பஞ்சாயத்து வந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள், "முழுக்கப் பெண்களை மட்டம் தட்டுகிற நிகழ்ச்சி, இதற்குப் போய்ச் சிரிக்கிறாயே அம்மா" என்கிறாள். கணவரோ, "அதில் அசடாகக் காட்டுவது புருஷனைத்தான். உங்கள் கட்சிதான் ஜெயிக்கிறது, அப்புறம் என்ன?" என்கிறார். இருவர் சொல்வதும் சரி மாதிரியே இருக்கிறது. முன்போல வாய்விட்டுச் சிரிக்கவும் வரவில்லை. யார் சொல்வது சரி? நான் சிரித்தது தப்பா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சிரித்ததில் தப்பே இல்லை. சிரிப்பு யோசித்துவிட்டு வருவதில்லை. அதிலும் சிட்காமில் நமக்கு முன்னால் யாரோ சிரித்துவைத்திருக்கிறார்கள். சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் இதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். டைப்ரைட்டர் போல விசையைத் தட்டினால், வேண்டிய அளவுக்குப் பதிவு செய்த சிரிப்பு வரும். நிஜமான பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்த தொடர்களும் உண்டுதான். எப்படியானாலும் கூட்டம் சிரிக்கும்போது நாமும் ஒட்டிக்கொள்கிறோம்.

இனி உங்கள் கணவரின் கட்சிக்கு வருகிறேன். அசட்டுப் புருஷன், கெட்டிக்கார மனைவி என்பது சிட்காமின் பழைய ஃபார்முலா. 'எவரிபடி லவ்ஸ் ரேமண்ட்', 'தி கிங் ஆஃப் குவீன்ஸ்' எல்லாம் அந்த வண்டியில்தான் ஓடின. மேலோட்டமாகப் பார்த்தால் மனைவிக்குத்தான் வெற்றி. ஆனால் அசடாக இருப்பதில் நல்ல லாபம் இருக்கிறது, கவனித்தீர்களா? துணி மடிக்கத் தெரியாதவனிடம் யாரும் துணி மடிக்கச் சொல்வதில்லை. அவன் சொதப்புவான், அரங்கம் சிரிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்பச் செய்வாள். கெட்டிக்காரி என்ற பட்டத்தோடு வேலையும் அவள் தலையில். கூடவே, நச்சரிப்பவள் என்ற பெயரும் இலவசம். வேடிக்கை செய்யும் உரிமை மட்டும் அவனுடையது.

'ரேமண்ட்' தொடரில் 2003-ல் வந்த ஒரு பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணவன் ரேயும் மனைவி டெப்ராவும் வாரக் கடைசிப் பயணம் முடிந்து வீடு திரும்புகிறார்கள். பயணப் பெட்டி மாடிப்படியிலேயே நின்றுவிடுகிறது. நீ தூக்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று வாரம் அங்கேயே கிடக்கிறது. இருவரும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வருகிறார்கள். ஒரு கட்டத்தில் ரே என்ன செய்கிறார் தெரியுமா? பெட்டிக்குள் சீஸை வைத்துவிடுகிறார். நாற்றம் தாங்காமல் அவளே எடுத்துவிடுவாள் என்று கணக்கு. பெட்டியை மேலே கொண்டுபோக அரை நிமிஷம் போதும். தூக்காமல் இருப்பதற்கு அவர் படும் பாடு அதைவிடப் பெரிது.

முதல் தடவை பார்த்தபோது நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இரண்டாம் தடவைதான் வேறொன்று உறைத்தது. மாமியார் மேரி தன் வாழ்க்கையில் நடந்த ஒரு பழைய சண்டையைச் சொல்லி, இந்தப் பெட்டி உங்கள் கல்யாணத்துக்கு வினையாகிவிட வேண்டாம் என்று புத்தி சொல்கிறாள். அருமையான காட்சி. ஆனால் புத்தி சொல்வது யாரிடம்? மருமகளிடம். வீம்பு இரண்டு பக்கமும் சமம். விட்டுக்கொடுக்கச் சொல்லும் உபதேசம் மட்டும் ஒரு பக்கம் போகிறது. (எழுதியவர்கள் இதைத் தெரிந்தே செய்திருக்கலாம். மேரியின் குரலில் அந்த அலுப்பு கேட்கிறது.)

சரி, அப்படியென்றால் மகள் சொல்வதுதான் சரியா? பாதி சரி. அவளுடைய 'முழுக்க' என்ற வார்த்தையோடுதான் எனக்குத் தகராறு.

சிட்காமுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. அரை மணி நேரத்தில் என்ன கூத்து நடந்தாலும், கடைசியில் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் அடுத்த வாரம் கதை நடக்கும். அதனால் யாரைக் கேலி செய்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, கதை எந்த இடத்துக்குத் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் உபயோகம்.

1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். லூசிக்கு மேடை ஏற ஆசை, புருஷன் ரிக்கிக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும். வாரா வாரம் அவள் தப்பிக்கப் பார்ப்பாள், அமர்க்களமாக மாட்டிக்கொள்வாள், வீட்டுக்கே திரும்புவாள். சில பகுதிகளில் ரிக்கி அவளைக் குழந்தையைப் போல மடியில் போட்டு அடிப்பதைக்கூட ஜோக்காக வைத்திருந்தார்கள். அவள் கர்ப்பமாக இருந்தபோது கர்ப்பம் என்ற சொல்லையே வசனத்தில் அனுமதிக்கவில்லை. இவ்வளவும் திரைக்குள். வெளியே வந்தால் கதை தலைகீழ். லூசியாக நடித்த லூசில் பால், கணவர் டெசி அர்னாஸோடு சேர்ந்து டெசிலு ஸ்டூடியோவின் முதலாளி. மணமுறிவுக்குப் பிறகு, 1962-ல் அவருடைய பங்கையும் வாங்கித் தனியாகவே நடத்தினார். தினமும் ஸ்டூடியோ நடத்திய பெண், திரையில் வாரா வாரம் அடுப்படிக்குத் திரும்பினாள்.

1970-ல் வந்த 'தி மேரி டைலர் மூர் ஷோ' அந்தத் திரும்பும் இடத்தையே மாற்றியது. அதன் நாயகி மேரி ரிச்சர்ட்ஸுக்கு வயது முப்பது, கல்யாணம் ஆகவில்லை, மினியாபொலிஸ் நகரில் ஒரு தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை. விவாகரத்தான பெண்ணாகத்தான் அவளை முதலில் யோசித்தார்கள். ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் ஒத்துக்கொள்ளாததால், காதல் முறிந்த பெண்ணாக மாற்றினார்கள். ஒவ்வொரு வாரமும் கதை சுற்றிவிட்டு அவளுடைய மேஜைக்கும் அவளுடைய வீட்டுக்கும் வந்துசேரும். காத்திருக்கும் கணவன் யாரும் இல்லை.

1972-ல் ஒரு பகுதியில், தனக்கு முன்னால் அதே வேலையில் இருந்த ஆணுக்குத் தன்னைவிட வாரத்துக்கு 50 டாலர் அதிகம் என்று மேரிக்குத் தெரியவருகிறது. அவன் ஆண், குடும்பம் இருக்கிறது என்று மேலதிகாரி லூ கிராண்ட் காரணம் சொல்கிறார். அப்படியானால் மூன்று குழந்தை உள்ளவனுக்கு இரண்டு குழந்தை உள்ளவனைவிட அதிகம் தர வேண்டுமே, தருகிறீர்களா என்று மேரி மடக்குகிறாள். மனிதருக்குப் பதில் இல்லை. ஆனால் இதே மேரி, அலுவலகத்தில் மற்றவர்கள் 'லூ' என்று கூப்பிடும் மனிதரை 'மிஸ்டர் கிராண்ட்' என்றுதான் கூப்பிடுவாள். மகள் இதைப் பார்த்தால் உடனே பிடித்துக்கொள்வாள், பிடித்துக்கொள்ளட்டும். ஆண் அதிகாரிக்கு முன்னால் வாய் குழறிக்கொண்டே சம்பளம் கேட்கிறாள் என்பதால்தான் எனக்கு அவளை நம்ப முடிகிறது. இந்தத் தொடருக்கு எழுதியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் டிரீவா சில்வர்மன் 1974-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியே வாங்கினார். எழுதுகிற அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தானே ஜோக் அமையும்.

வெறும் காமெடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கணவர் கேட்டால், 'மர்ஃபி பிரவுன்' கதையைச் சொல்லுங்கள். அந்தத் தொடரின் நாயகி கல்யாணம் செய்யாமல் குழந்தை பெற்றதை 1992-ல் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல் மேடையில் கண்டித்துப் பேசினார். கற்பனைப் பெண்ணோடு துணை அதிபரே மல்லுக்கு நின்றார் என்றால், அவருக்காவது அது வெறும் காமெடியாகப் படவில்லை.

ஆகவே தொடர்களை நிறுத்த வேண்டாம். சிரிக்கும்போது நடுவில் விவாதம் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள், அது யாருக்கும் சுகமில்லை. முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வியை மூவரும் பேசுங்கள்: அவன் சொதப்பிய வேலையைக் கடைசியில் யார் செய்தார்கள்? உங்கள் கணவரின் கட்சியும் மகளின் கட்சியும் அதிலேயே பாதி கலைந்துவிடும்.

முதலில் அந்தப் பெட்டிப் பகுதியையே போடுங்கள். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகள் மேஜையிலேயே இருக்கட்டும். படம் முடிந்ததும் நீங்கள் மட்டும் எழுந்துவிடாதீர்கள். எத்தனை நாள் கிடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.