ஜவ்வாது மலைக்கு எந்த வண்டி: எடையா, டேங்க்கா?

ஜவ்வாது மலைக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கை எடுப்பதா, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹிமாலயனுக்கு 17 லிட்டர் டேங்க், எக்ஸ்பல்ஸுக்கு 13 லிட்டர்தான் என்று தயங்குகிறீர்கள். வேலூரிலிருந்து போளூர் வழியாக மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர் போய்வர 200 கிலோமீட்டர்கூட ஆகாது நண்பரே. இரண்டுமே தாராளமாகத் தாங்கும். பெரியது லிட்டருக்கு 30 கிலோமீட்டர், சிறியது 40 கொடுத்தால், 17 லிட்டர்க்காரர் 510-இல் நிற்பார், 13 லிட்டர்க்காரர் 520 வரை ஓடுவார்!

எடைதான் விஷயம். ஹிமாலயன் 196 கிலோ, எக்ஸ்பல்ஸ் ஏறக்குறைய 160. சரளை ஏற்றத்தில் வண்டி நின்று, ஊன்றிய கால் வழுக்கும்போது அந்த வித்தியாசம் தொடையில் தெரியும். தனியாகப் போவதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். தூக்கிவிட யார் வருவார்? எக்ஸ்பல்ஸையே எடுங்கள். பெட்ரோலே லிட்டருக்கு முக்கால் கிலோ. அதனால் எடை கூடாமல் இருக்க, மலைக்கு அரை டேங்க் போதும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் மட்டும் ஹிமாலயன் பக்கம் போங்கள்.