சுரங்கத்தைப் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வாருங்கள்: ஜியுஃபென் பயணம், வாசகர் கேள்வி–பதில்

தைவானின் வடகிழக்கு மூலையில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் அடுத்தடுத்து இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊர்கள் ஜியுஃபென், ஜின்குவாஷி. இரண்டையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: தைபேக்கு அலுவலக வேலையாகப் போகிறேன். ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. ஜியுஃபென் கடைத்தெரு மட்டும் போதுமா, ஜின்குவாஷிக்கும் போக வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

ப: கட்டாயம் போக வேண்டும், அதுவும் முதலில். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் ஜியுஃபென்னில் இறங்கிச் சாப்பிட்டு, கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, மாலை நாலரைக்கு ஜின்குவாஷி தங்க அருங்காட்சியகத்துக்கு ஓடுகிறார்கள். வார நாட்களில் அது 5 மணிக்கே மூடிவிடும். ஜியுஃபென்னுக்கோ அந்தி சாய்ந்து சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போதுதான் அழகு. எனவே பகலில் சுரங்கம், மாலையில் கடைத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தைபேயிலிருந்து ருயிஃபாங் வரை ரயிலில் முக்கால் மணி நேரம் ஆகும். ருயிஃபாங் நிலைய வாசலிலேயே நின்றால் மலைப் பேருந்து கிடைக்காது. வெளியே வந்து இடப்பக்கம் 200 மீட்டர் நடந்தால் நிறுத்தம் வரும். 788, 827 இரண்டும் ஜியுஃபென் வழியாக ஜின்குவாஷிக்குப் போகின்றன. ஜியுஃபென்னில் பேருந்தே காலியாகும். கூட்டத்தோடு நீங்களும் இறங்கிவிடாதீர்கள், இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். ரயில் மாற விருப்பமில்லாதவர்கள் தைபேயின் சோங்ஷியாவ் ஃபூஷிங் மெட்ரோ நிலையத்தின் முதல் வாயிலருகே 1062 ஏறலாம். ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, தலைசுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். எதில் போனாலும் பணம் ஏற்றிவைத்துப் பயணக் கட்டணம் செலுத்தும் ஈஸிகார்டு அட்டையை வாங்கிவிடுங்கள். சில்லறைக்கு அலைய வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்துக்கு மாதத்தின் முதல் திங்கள் விடுமுறை. கட்டணம் 80 தைவான் டாலர், சுரங்கத்துக்குள் போகத் தனியாக 50. தலைக்கவசம் கொடுத்து, இருநூறு மீட்டருக்குள் நடத்திக் காட்டுவார்கள். உள்ளே ஒரு மண்டபத்தில் 220 கிலோ தங்கக் கட்டி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியே கையை நுழைத்துத் தொட்டுப் பார்க்கலாம். தங்கம் அரிக்கும் பயிற்சியும் உண்டு. தட்டைத் தண்ணீருக்குள் லேசாகச் சாய்த்து வட்டமாக ஆட்டுங்கள், வேகம் வேண்டாம். தங்கத்தின் அடர்த்தி 19-க்கு மேல், மணலுடையது மூன்றுக்குள்தான். மணல் விளிம்பு வழியே வழிந்துவிட, பொட்டுப் பொட்டாகத் தங்கம் தட்டின் அடி மடிப்பில் தங்கும். அவசரப்பட்டுக் குலுக்குகிறவர்கள் தங்கத்தையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள்.

கே: ஜியுஃபென் என்ற பெயருக்கு என்ன பொருள்? (காரைக்குடி வாசகி)

ப: 'ஒன்பது பங்கு'. முன்பு இங்கே ஒன்பது குடும்பங்களே இருந்தனவாம். வெளியூரிலிருந்து சரக்கு வரும்போதெல்லாம் 'ஒன்பது பங்கு' என்று சொல்லி அனுப்பியதால் அதுவே பெயராயிற்று என்பார்கள். 1890-இல் ரயில் பாதை போட்ட தொழிலாளர்கள் கீலுங் ஆற்றில் தங்கத் துகளைக் கண்டார்கள். அதன் தடம் பிடித்து மேலே ஏறியவர்களால் 1893-இல் ஜியுஃபென் மலையில் தங்கம் கிடைத்தது. 1895-இல் தைவான் ஜப்பானின் கைக்குப் போனது. மறு ஆண்டே கீலுங் மலை உச்சி வழியாக ஒரு கோடு கிழித்து, மேற்கே ஜியுஃபென், கிழக்கே ஜின்குவாஷி என்று இரண்டு ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜியுஃபென் சுரங்கம் 1971-இல் நின்றது, ஜின்குவாஷி 1987 வரை தாக்குப்பிடித்தது.

கே: நாங்கள் சுத்த சைவம். ஜியுஃபென் தெருவில் எதை நம்பிச் சாப்பிடலாம்? (கும்பகோணம் வாசகி)

ப: கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடியது சேப்பங்கிழங்கு உருண்டைதான். 'யூ யுவான்' என்று கேளுங்கள். வேகவைத்த கிழங்கைச் சூடாகவே மசித்து, சர்க்கரைவள்ளி மாவைக் கொட்டிப் பிசைந்து, கயிறு போல் உருட்டி, விரலளவுக்கு வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். மேலே மிதந்து வந்ததும் எடுத்துவிடுவார்கள். சேப்பங்கிழங்கு சாம்பல் ஊதா, சர்க்கரைவள்ளி மஞ்சள். வேகவைத்த பயறோடு, இனிப்பு நீரில் சூடாகவோ பனித்தூளோடோ கிண்ணத்தில் தருவார்கள். சூடாக வாங்கினால் கொழுக்கட்டை மேல்மாவு போல மெத்தென்று இருக்கும். பனித்தூளோடு வாங்கினால் உருண்டை இறுகி, மெல்ல நேரம் பிடிக்கும். பல் சரியில்லாதவர்கள் சூடானதையே கேளுங்கள்.

அடுத்தது நிலக்கடலை ஐஸ்கிரீம் சுருள். மேசை மேல் பெரிய செங்கல் போல் கடலை மிட்டாய்ப் பாளம் இருக்கும். அதைத் தச்சர் இழைப்புளியைப் போன்ற ஒன்றால் சீவுகிறார்கள். சீவலை மெல்லிய மாவுத்தாளில் பரப்பி, இரண்டு உருண்டை ஐஸ்கிரீம் வைத்து, மேலே கொத்தமல்லித் தழை தூவிச் சுருட்டித் தருவார்கள். தழையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த இனிப்பைத் திகட்டாமல் காப்பாற்றுவதே அதுதான். உடனே சாப்பிடுங்கள், ஐந்து நிமிடத்தில் தாள் ஊறிக் கிழிந்துவிடும்.

ஏமாறும் இடம் 'ட்சாவ் ஸாய் குவே' என்ற பச்சை நிறப் பசையரிசிக் கொழுக்கட்டை. இனிப்புப் பயறு வைத்தது சரி. முள்ளங்கி வற்றல் வைத்த காரவகையில் பெரும்பாலும் உலர்ந்த இறால் கலந்திருக்கும். மாவில் பன்றிக்கொழுப்பு தடவுவதும் உண்டு, கேட்டு வாங்குங்கள். 'வோ ச்சி சூ' என்றால் 'நான் சைவம்' என்று பொருள். பௌத்த மரபால் தைவானில் இது எல்லாருக்கும் புரியும். அவர்களுடைய கண்டிப்பான சைவத்தில் வெங்காயம், பூண்டும் சேராது.

ஜின்குவாஷியில் விற்கும் 'சுரங்கத் தொழிலாளி சாப்பாடு' தகர டப்பாவில் சோற்றின் மேல் பொரித்த பன்றி இறைச்சி வைத்தது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல மதிய உணவு. டப்பாவையும் சுற்றிய துணியையும் வீட்டுக்கு எடுத்து வரலாம்.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா? (திருச்சி வாசகர்)

ப: ஜியுஃபென்னின் கடைத்தெருவான ஜிஷான் தெரு ஏறக்குறைய சமதளம்தான். ஜியுஃபென்னின் மேல் பேருந்து நிறுத்தத்தில், செவன் இலெவன் கடைப் பக்கம் நுழைந்தால் கடைகள் எல்லாமே அந்தத் தெருவில் வந்துவிடும். அதைக் குறுக்கே வெட்டுவது ஷூச்சி படிக்கட்டுத் தெரு. படங்களில் பார்க்கும் விளக்குச் சரம் அங்கேதான். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்படிகள், மழையில் வழுக்கும். அம்மாவைச் சந்திப்பில் உட்காரவைத்து நீங்கள் மட்டும் இறங்கிப் பாருங்கள். அருங்காட்சியக வளாகத்தில் பழைய ஜப்பானிய வீடுகள் வரை சிரமமில்லை. 1922-இல் ஜப்பானிய இளவரசருக்காகக் கட்டி, அவர் வராமலேயே போன மரமாளிகைக்குப் பிறகு ஏற்றம் தொடங்கும்.

கே: தேநீர் மாளிகையில் கட்டணம் அதிகம் என்கிறார்கள், உண்மையா? (சென்னை வாசகி)

ப: கணக்கு வேறு மாதிரி. இலையைப் பொட்டலமாக வாங்க வேண்டும், அதற்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று தண்ணீர்க் கட்டணம் போடுவார்கள். நாலு பேர் போய் ஒரு பொட்டலம் வாங்கினால் கட்டுப்படியாகும். மீந்த இலை உங்களுடையது, மறக்காமல் எடுத்து வாருங்கள்.

போடும் விதம் தெரிந்தால் காசு வீணாகாது. முதலில் குட்டிக் குடுவையை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுங்கள். சுருண்ட ஊலாங் இலையை அடி மறையும் அளவுக்கு மட்டும் போடுங்கள், விரிந்தால் குடுவையே நிறைந்துவிடும். கொதிநீர் ஊற்றி, முதல் தண்ணீரை உடனே வடித்துவிடுங்கள். இரண்டாவதை ஒரு நிமிடம் வைத்து, கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். குடுவையில் தண்ணீர் தேங்கினால் அடுத்த கோப்பை கசக்கும். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாறு முறை குடிக்கலாம்.

கே: ஜின்குவாஷி பக்கத்தில் உள்ள தங்க அருவியில் குளிக்கலாமா? (தென்காசி வாசகர்)

ப: கூடாது, கால் நனைக்கவும் வேண்டாம். குற்றாலத்துக்காரருக்கு ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்தப் பொன்னிறம் பாறையிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்தது) போன்ற கனிமங்கள் காற்றும் மழைநீரும் பட்டு ஆக்சைடாகி வந்தது. தண்ணீர் அமிலத் தன்மை கொண்டது, ஆர்செனிக்கும் தாமிரமும் கலந்தது. சாலையில் நின்றே நன்றாகத் தெரியும். அங்கே போக 891 பேருந்து, அடிக்கடி வராது. இறங்கியதும் அடுத்த வண்டி எப்போது என்று பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஜின்குவாஷியில் போர்க்கைதிகள் முகாம் இருந்ததாமே? (சிங்கப்பூர் வாசகர்)

ப: ஆம். ஜப்பானியர் இந்த ஊரைக் கின்காசெக்கி என்றார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட பிரிட்டிஷ் வீரர்கள் உட்படப் பலரை அந்த நவம்பரில் இங்கே கொண்டுவந்து, 1945 வரை தாமிரச் சுரங்கத்தில் வேலை வாங்கினார்கள். முகாமில் இன்று எஞ்சியிருப்பது ஒரு வாயில் தூணும் கொஞ்சம் சுவரும். பக்கத்துக் கல்சுவரில், தைவானில் அடைபட்டிருந்த 4,000-க்கும் மேற்பட்ட கைதிகளின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கே: எந்த மாதம் நல்லது? திரும்பி வருவது சிரமமா? (கோவை வாசகர்)

ப: வடகிழக்குப் பருவக்காற்று நேராக மோதும் மலை இது. குளிர்காலம் முழுக்கத் தூறலும் மூடுபனியும் இருக்கும். சந்து குறுகல், காற்று பலம், குடை உதவாது. மழைச்சட்டையும் பிடிமானமுள்ள செருப்பும் கொண்டுபோங்கள். கோடையில் புயல் எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். எந்த மாதமானாலும் சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

திரும்பும்போது இரவு ஏழு மணி வாக்கில் பெருங்கூட்டம் சேரும். பேருந்து ஜின்குவாஷியிலிருந்து கீழே வருவதால் மேல் நிறுத்தத்திலேயே நிரம்பிவிடும். படிக்கட்டில் இறங்கிப் போய்க் காவல் நிலைய நிறுத்தத்தில் காத்திருப்பவர்களைத் தாண்டி அது நிற்காமலும் போகலாம். எனவே ஜிஷான் தெரு வழியே செவன் இலெவன் பக்கம் திரும்பி வந்து ஏறுங்கள். தைபே நேர்வண்டிதான் வேண்டும் என்று நிற்காமல், ருயிஃபாங் போகும் எதிலாவது ஏறி ரயிலைப் பிடியுங்கள். கடைகளும் ஏழு, எட்டுக்குள் அடைத்துவிடுவார்கள், வாங்க வேண்டியதை விளக்கேற்றும் முன்பே வாங்கிவிடுங்கள்.