சுங்குடிச் சேலைக்கு இரண்டு நாட்டு வரியா?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வசிக்கும் என் மகள், மதுரைக் கடை ஒன்றின் இணையதளத்தில் சுங்குடிச் சேலை வாங்கினாள். தபால் செலவு உட்பட 60 யூரோ. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்திருக்கிறார்கள். பார்சல் போய்ச் சேர்ந்தபோது தபால்காரர் மேலும் 18 யூரோ 90 சென்ட் வாங்கினாராம். இது முறைதானா?
– வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: தபால்காரர் வாங்கியது முறைதான், கடை வாங்கியதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மதிப்புக் கூட்டு வரி, பொருளை நுகர்பவர் இருக்கும் நாட்டுக்குச் சேர வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பார்சல்களுக்கு இருந்த விலக்கு 2021 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனியில் விகிதம் 19 சதவீதம். தபால் செலவையும் சேர்த்தே கணக்கிடுவார்கள் என்பதால், 60 யூரோவுக்கு 11 யூரோ 40 சென்ட் வருகிறது. மீதி 7 யூரோ 50 சென்ட், வரியை முன்கூட்டிச் செலுத்தியதற்காக அஞ்சல் நிறுவனம் பிடிக்கும் கட்டணம். வரியைவிட இதுதான் பலருக்கு உறுத்துகிறது.

இக்கட்டணத்தைத் தவிர்க்க வழி உண்டு. 150 யூரோ வரையிலான பார்சல்களுக்கு, விற்பவரே ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்துகொண்டு, பணம் வாங்கும்போதே வாங்குபவர் நாட்டு வரியையும் வசூலித்துக் கட்டிவிடலாம். ‘ஐஎம்’ என்று தொடங்கும் அவரது பதிவு எண் பார்சலின் மின்னணுத் தகவலில் இருந்தால், வாசலில் மறுபடி வரி கேட்க மாட்டார்கள். எண் விடுபட்டு இரண்டாம் முறை கட்ட நேர்ந்தால், இரண்டு ரசீதையும் காட்டி விற்பவரிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். பெரிய விற்பனைத் தளங்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. நம் ஊர்க் கடை தனியாகப் பதிய வேண்டுமானால், ஒன்றியத்துக்குள் ஓர் இடையீட்டாளரைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். மாதம் நாலைந்து சேலை அனுப்புபவருக்கு அது கட்டுப்படியாகாது.

இனி ஜிஎஸ்டி. கடையிலிருந்து நேராக வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு ஏற்றுமதி. அதற்கு விகிதம் பூஜ்யம். கடைக்காரர் உறுதிப்பத்திரம் கொடுத்து வரியில்லாமலே அனுப்பலாம், அல்லது கட்டிவிட்டு அரசிடம் திரும்பப் பெறலாம். எப்படியானாலும் அந்த 5 சதவீதம் உங்கள் மகள் தலையில் விழ வேண்டியதில்லை. பில் நகலுடன் எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த முறை நீங்களே வாங்கி அனுப்பினால், தனிநபர் எப்போதாவது அனுப்பும் அன்பளிப்புக்கு 45 யூரோ மதிப்பு வரை அங்கே வரி இல்லை. ஆனால் இங்கே கடையில் கட்டும் ஜிஎஸ்டி திரும்ப வராது. மகள் பணம் கொடுத்து வாங்கிய பார்சலில் ‘அன்பளிப்பு’ என்று எழுதித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பொய் அறிவிப்பு, சுங்கத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்கிருக்கும் உங்கள் மகள்.