சைக்கிள் குறியை ஓரமா போடாதீங்க

தக்கலை கடைத்தெருவில் காரும் சைக்கிளும் சேர்ந்து ஓடுற தடத்தில் சைக்கிள் குறியை ஓரமா வரையலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். அங்கே கார்கள் நிற்கும்னா, திடீர்னு திறக்கிற கதவில்தான் சைக்கிள்காரர் மோதுவார். அமெரிக்காவின் 2009 சாலைக் குறியீட்டுக் கையேட்டு அளவை எடுத்துக்கலாம்: கார் நிற்கிற இடத்தில் குறியின் நடு, ஓரக்கல்லில் இருந்து குறைந்தது 3.4 மீட்டர், நிற்காத இடத்தில் 1.2. சந்திப்பு தாண்டியதும் ஒன்று, அப்புறம் 75 மீட்டருக்குள் அடுத்தது. கார் சக்கரம் ஏறாத இடமா பார்த்தால் சீக்கிரம் தேயாது. 56 கிலோமீட்டருக்கு மேல் வேகம் அனுமதிக்கிற சாலைக்கு இந்தக் குறி சரிப்படாது, அங்கே தனித்தடம்தான் வேணும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத் தார்மேல் தெர்மோபிளாஸ்டிக் (குறி வரைய உருக்கி ஊற்றுற பூச்சு) ஒட்டாமல் பெயர்ந்து வரும், பிப்ரவரியில் போடுங்க. பூச்சு சூடா இருக்கும்போதே இரவில் குறி மின்னுறதுக்கான கண்ணாடி மணி தூவணும், ஆறினால் பதியாது.