பிளாஸ்மா மெஷின் வாங்குவதற்கு முன்னால், கழன்று வந்த ஊசியைப் பாருங்கள்

பினாங்கின் பிறையில் (Perai) ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் தொழிற்சாலையில் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"அண்ணா, இத்தனை வருஷம் பிரிண்டர், ரௌட்டர் உறைகள்தான் அடித்துக்கொண்டிருந்தோம். இப்போது முதல்முறையாக மருத்துவ ஆர்டர் வந்திருக்கிறது. பாலிப்ரொப்பிலீன் ஹப்பில், அதாவது சிரிஞ்சில் மாட்டும் பிளாஸ்டிக் அடிப்பகுதியில், ஸ்டீல் ஊசியை யூவி (புற ஊதா) ஒளியில் இறுகும் பசையால் ஒட்டித் தர வேண்டும். நிறம் போடாத ஹப்பில் செய்த மாதிரிகள் இழுவைச் சோதனையில் தேறிவிட்டன. உற்பத்திக்கு வந்த பிறகு, அதிலும் கறுப்பு ஹப்பில், பத்துக்கு இரண்டு மூன்று கழன்று வருகிறது. பிளாஸ்மா மெஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு சப்ளையர், முதலாளியும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா, கொரோனாவே போதுமா? இன்னொன்று, அதே வாடிக்கையாளருக்கு அடிக்கும் பாலிகார்பனேட் மூடி ஆல்கஹாலில் துடைத்த மறுநாள் விரிசல் விடுகிறது. அதற்கும் பிளாஸ்மா உதவுமா?"

தம்பி, பிளாஸ்மாவும் கொரோனாவும் பசை பிடிக்கும்படி பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை மின்சாரத்தால் பதப்படுத்தும் முறைகள், மூடிக்கு அவை உதவாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊசி. முதலாளியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், கையெழுத்தை அதுவரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். மெஷின் தேவைப்படலாம், ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது: நிறமில்லாத ஹப் தேறியது, கறுப்பு ஹப் விழுகிறது. மேற்பரப்புதான் குற்றவாளி என்றால் இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும்.

கழன்று வந்த ஊசிகளைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? போடாமல் இருந்தால் நல்லது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஊசியையும் அது கழன்ற ஹப்பையும் ஜோடியாக வெள்ளைத் தாளில் வையுங்கள். ஊசியின் மேல் பசை ஒரு சின்னக் கூம்பு மாதிரி முழுசாக ஒட்டிக்கொண்டு வந்து, ஹப்பின் உள்சுவர் பளபளவென்று சுத்தமாக இருந்தால், பசை ஸ்டீலைப் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. பிளாஸ்மா, கொரோனா பேச்செல்லாம் இந்த ஒரு நிலைக்குத்தான். ஊசி மொட்டையாக வந்து பசை ஹப்பின் உள்ளேயே தங்கியிருந்தால் கதை வேறு. ஊசியின் மேல் எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது, ஊசியைக் கழுவ வேண்டும். ஹப்பை எத்தனை தடவை பிளாஸ்மாவில் காட்டினாலும் அது மாறாது. மூன்றாவது நிலை: பல் குத்தும் குச்சியால் பசையின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், கைக்குக் கையுறை போட்டுக்கொண்டுதான். மேலே கல் மாதிரி, அடியில் பிசுபிசு, கொஞ்சம் காரமான வாடை என்றால் பசை இறுகவேயில்லை.

உங்கள் கறுப்பு ஹப்பில் இந்த மூன்றாவதுதான் இருக்கும் என்று எனக்குப் பலமான சந்தேகம். யூவி பசை இறுகுவதற்கு ஒளி அதன் அடிவரை போக வேண்டும். நிறமில்லாத ஹப் பால் மாதிரி மங்கலாக இருந்தாலும் சுவர் வழியாக ஒளியை உள்ளே விடும். நிறத்துக்காகக் கலக்கும் கறுப்பு மாஸ்டர்பேட்ச் அந்த ஒளியைக் குடித்துவிடும், குழியின் வாய் வழியாக மேலிருந்து விழுவது மட்டும்தான் மிச்சம். அதையும் ஊசியே நடுவில் நின்று பாதி மறைக்கிறது. நிறத்தை மாற்றலாம் என்றால் அது உங்கள் கையில் இல்லை. ஐஎஸ்ஓ 6009 தரப்படி 0.7 மில்லிமீட்டர் ஊசிக்குக் கறுப்பு, 0.8க்குப் பச்சை, 0.6க்குக் கருநீலம் என்று தீர்மானமாகிவிட்டது. நர்ஸ் கையில் எடுக்கும்போது நிறத்தைப் பார்த்தே அளவு தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த முறை அது. ஆகவே மாற்ற வேண்டியது ஒளியையும் பசையையும்தான்: விளக்கின் கோணம், ஒளி விழும் நேரம், 405 நானோமீட்டர் போன்ற கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இறுகும் பசை, இல்லாவிட்டால் ஒளி படாத இடத்தைப் பிறகு சூட்டில் இறுக வைக்கும் ரகம். விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணுக்கு அதே மாதிரி எரிந்துகொண்டே அதன் பலம் குறைந்துகொண்டு போகும், ஒளியின் பலத்தைக் காட்டும் ரேடியோமீட்டர் வைத்து வாரம் ஒருமுறையாவது அளந்து எழுதுங்கள்.

சரி, லூப்பில் பார்த்தால் முதல் நிலைதான், பசை பிளாஸ்டிக்கைத்தான் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாலிப்ரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன்தான், பாலிகார்பனேட்டுக்கோ 40க்கு மேல். வாழை இலையில் தண்ணீர் உருண்டு ஓடுகிறதே, அந்த மாதிரி பசையும் பாலிப்ரொப்பிலீன் மேல் பரவாமல் ஒதுங்கி நிற்கும். பிளாஸ்மாவும் கொரோனாவும் மேலே சில நானோமீட்டர் தடிப்புக்கு மட்டும் ஆக்ஸிஜன் கலந்த வேதிக் குழுக்களை உண்டாக்கிவிடுகின்றன, பசை பிடித்துக்கொள்ள அப்போது இடம் கிடைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அழுக்கு லேசாக இருந்தால் எரித்துவிடும், தடிப்பாக இருந்தால் அழுக்கின் மேலேயே ஆக்ஸிஜனைப் பூசிவிட்டுப் போய்விடும்.

அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்னணு உறை அடித்துப் பழகிய இடங்களில் இது பழக்கமாகவே ஊறிப்போயிருக்கும். மோல்டில் பாகம் ஒட்டிக்கொண்டால் கை தானாக சிலிக்கான் ஸ்ப்ரேயைத் தேடும். பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த ஓர் இடத்தில் மூன்று வாரம் ஒட்டல் பிரச்சினையைத் துரத்தினோம், ரெசின் (பிளாஸ்டிக் மூலப்பொருள்) மாற்றினோம், பசை மாற்றினோம், கடைசியில் பார்த்தால் இரண்டு மெஷின் தள்ளி வேறொரு வேலைக்கு இரவு ஷிப்டில் ஒருவர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை காற்றில் வந்து எங்கள் தட்டுகளில் படிந்திருக்கிறது. அன்றிலிருந்து மருத்துவ வேலை நடக்கும் கூடத்துக்குள் ஸ்ப்ரே டப்பாவே வரக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன், நீங்களும் இருங்கள். அப்புறம் ரெசினிலேயே வழுக்கும் பொருள் சேர்த்திருந்தால், அது நாள்பட உள்ளேயிருந்து மேலே வந்து மெழுகு மாதிரிப் படியும். ஹப்பைப் போட்டு வைக்கும் பாலித்தீன் பையிலிருந்தும் அதே பொருள் ஏறும். மோல்டிலிருந்து வந்த அன்றே ஒட்டியது தேறுகிறது, பத்து நாள் பையில் கிடந்தது விழுகிறது என்றால் பையைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது மெஷின். உங்கள் ஹப்பின் உள்ளே ஒரு சின்னக் குழிதான் ஒட்ட வேண்டிய இடம். எலக்ட்ரோடை அந்தக் குழிக்கு நேரே கொண்டுவரும்படி செய்த கொரோனா போதும், வரிசையிலேயே பொருத்தலாம், விலையும் குறைவு. வெற்றிட அறையில் தட்டு தட்டாக அடுக்கிச் செய்யும் பிளாஸ்மா எல்லாப் பக்கமும் சீராகப் படும், சிக்கலான வடிவத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் ஒட்ட வேண்டாத இடத்தையும் சேர்த்தே மாற்றிவிடும். உங்கள் நிலையில் நானாக இருந்தால் கொரோனாவைத்தான் முதலில் சோதிப்பேன். சப்ளையர் தன் கூடத்தில் உங்கள் ஹப்பையே, உங்கள் கறுப்பு லாட்டையே சோதித்துக் காட்டட்டும். அதிகமாகக் காட்டினால் அதிகப் பிடிப்பு என்றும் நினைக்க வேண்டாம். பாலிப்ரொப்பிலீனின் மூலக்கூறுச் சங்கிலிகள் வெட்டுப்பட்டு மேலே பலமில்லாத ஒரு தோல் உண்டாகும், பசை அந்தத் தோலைப் பிடிக்கும், தோல் உரிந்து வரும்.

இதைவிட முக்கியம், பதப்படுத்திய மேற்பரப்புக்கு ஆயுள் உண்டு. மேலே வந்த குழுக்கள் மெல்ல மெல்ல உள்பக்கம் திரும்பிவிடும், சூட்டில் இன்னும் வேகமாக. நம் பினாங்கு வெயிலில் ஏர்கான் இல்லாத ஸ்டோரில் வெள்ளிக்கிழமை மாலை வைத்த தட்டு திங்கட்கிழமை காலை அதே தட்டாக இருக்காது. ஒவ்வொரு தட்டிலும் பதப்படுத்திய நேரத்தை எழுதுங்கள். அடுத்து 1 மணி, 4 மணி, 24 மணி, 72 மணி கழித்து ஒட்டி இழுத்துப் பாருங்கள், எங்கே பிடிப்பு சரிகிறதோ அதற்கு நன்றாக முன்னாலேயே கெடு வையுங்கள். மேற்பரப்பு ஆற்றலைக் காட்டும் டைன் மையால் அளக்க குழிக்குள் வழியில்லை, அதே ரெசினில் ஒரு தட்டையான துண்டு அடித்து ஹப்போடு சேர்த்துப் பதப்படுத்தி அதில் தடவுங்கள். மை பட்ட துண்டைத் தூர எறிந்துவிடுங்கள், வரிசைக்குத் திரும்பப் போகக்கூடாது.

ஸ்டெரிலைசேஷன் (கிருமி நீக்கம்) எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. வாடிக்கையாளரிடம் இன்றே கேளுங்கள், ஏனென்றால் ரெசின் தேர்வே அதில்தான் தொங்குகிறது. எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் சூடும் ஈரமும் பசையைச் சோதிக்கும், ஆகவே இழுவைச் சோதனையை அதற்குப் பிறகும் செய்ய வேண்டும். காமா கதிர் என்றால், வழக்கமாகச் சொல்லும் 25 கிலோகிரே கதிர் அளவிலேயே சாதாரண பாலிப்ரொப்பிலீன் சேதப்படும், அந்தச் சேதம் அன்றோடு நிற்காது. உள்ளே சிக்கிய ரேடிக்கல்கள் மாதக்கணக்கில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சங்கிலிகளை வெட்டிக்கொண்டே இருக்கும். மறுநாள் நன்றாக இருந்த ஹப் ஆறு மாதம் கழித்து நர்ஸ் கையில் முறுக்கும்போது உடையலாம். கதிர்வீச்சைத் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள், மெடிக்கல் கிரேடு என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்கு எல்லாருக்கும் பொதுவான சட்ட வரையறை கிடையாது. ரெசின் தயாரிப்பாளர் கலவையை மாற்றினால் முன்கூட்டித் தெரிவிப்பாரா என்று எழுத்தில் வாங்குவதுதான் எனக்கு அதைவிடப் பெரிசு.

முதலாளிக்குச் சொல்ல இன்னொன்று. இழுத்துப் பார்த்த ஊசியை விற்க முடியாது, ஆகவே ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்ப வழியில்லை. இப்படிப்பட்ட வேலையை, மருத்துவ சாதனங்களுக்கான தர முறையான ஐஎஸ்ஓ 13485 வேலிடேட் செய்யச் சொல்கிறது, அதாவது முறையே நம்பகமானது என்று நிரூபிக்க வேண்டும்: மெஷின் ஒழுங்காக நிறுவப்பட்டதா, மெஷின் அமைப்பின் மேல், கீழ் எல்லை இரண்டிலும் தேறுகிறதா, தொடர்ந்து பல லாட்டுகள் தேறுகின்றனவா. பிளாஸ்மாவோ கொரோனாவோ, ஒரு புதுப் படியைச் சேர்த்தால் அதற்கும் இதெல்லாம் வரும், வாடிக்கையாளரின் ஒப்புதலும் வேண்டும். மலேசியாவின் மருத்துவ சாதனச் சட்டமான 2012ஆம் ஆண்டின் 737ஆம் சட்டத்தின் கீழ் இங்கே சாதனத்தைப் பதிவு செய்வது அவர்கள் பொறுப்பு என்றாலும், பாகத்தில் என்ன மாறியது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகக்கூடாது. மெஷினின் விலையோடு இந்த வேலையின் விலையையும் கூட்டிக் காட்டுங்கள். மருத்துவ சாதன நிறுவனமான பி. பிரவுன் 1972இலேயே பாயான் லெப்பாஸில் கால் வைத்த ஊர் இது. இந்த ஒழுங்கில் பழகிய ஆட்கள் தீவிலும் பத்து காவானிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அப்படி ஒருவரை வேலிடேஷனுக்கு மட்டுமாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூடி. பாலிகார்பனேட்டின் உள்ளே இழுவிசை உறைந்து கிடந்தால் ஆல்கஹாலோ மருத்துவமனைக் கிருமிநாசினியோ பட்டதும் அந்த இடம் விரியும். பார்ப்பது சுலபம்: வெள்ளைத் திரை காட்டும் எல்சிடி லேப்டாப் முன்னால் மூடியைப் பிடியுங்கள், போலராய்டு கண்ணாடியை உங்கள் கண்ணுக்கு முன்னால் சுழற்றித் திரை இருட்டாகும் கோணத்தில் நிறுத்துங்கள். கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) அருகிலும் கிளிப்பின் மூலையிலும் நெருக்கமாக வானவில் பட்டைகள் தெரிந்தால் விசை அங்கேதான் குவிந்திருக்கிறது. விரிசலும் அதே இடத்தில் தொடங்குகிறதா என்று ஒப்பிடுங்கள். மோல்ட் சூட்டை ஏற்றுங்கள், 80 டிகிரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டிருந்தால் அது போதாது. மோல்ட் நிரம்பிய பிறகு கொடுக்கும் ஹோல்டிங் அழுத்தத்தைக் குறையுங்கள், கூர்மையான மூலைக்கு ஆரம் கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் 120 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே அடுப்பில் வைத்து மெதுவாக ஆற விடலாம்.

அதோடு ட்ரையரையும் பாருங்கள். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் 3, 4 மணி நேரம் உலர்த்தி ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலுக்குள்ளேயே தண்ணீர் சங்கிலிகளை அறுத்துவிடும். நம் ஊர் ஈரத்தில் மூட்டையைப் பிரித்து மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் ரெசின் ஈரத்தை இழுக்க ஆரம்பித்திருக்கும். டிஸ்ப்ளேயில் 120 என்று காட்டினால் காற்று சூடாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், காய்ந்த காற்று என்று அர்த்தமில்லை. காற்றின் காய்ச்சலைக் காட்டும் ட்யூ பாயிண்ட் (பனிநிலை) மைனஸ் 30, 40 டிகிரி அளவில் நிற்கிறதா என்று தனி மீட்டரில் பாருங்கள். நிற்கவில்லை என்றால் உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகளை மாற்றி, புது லாட்டில் முப்பது மூடி அடித்து, துடைத்து, கிளிப் மாட்டிய நிலையிலேயே மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், கழன்ற ஊசிகளின் படத்தையும் சேர்த்து.